அடுத்த ஞாயிறு வரை கழற்றாத உடுப்பு

பிள்ளையின் துணியில் இருந்தது தான் குடித்த, பால் விடாத கட்டன்காப்பி சிந்திய கறை என்று ஜின்சி நினைத்துக்கொண்டதாகச் சொல்லிப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். காப்பி சிந்தவில்லை. வியாழக்கிழமை காலை அவள் காப்பியே குடிக்கவில்லை. அது இரண்டு மாதக் குழந்தை விஜினின் மூத்திரம்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், தமிழ் எங்கே முடிந்து மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று பஸ் கண்டக்டருக்கே தெரியாத ஊர். அங்கே செல்லையனைத் தெரியாதவர் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேய்த்த வெள்ளை முழுக்கைச் சட்டை இல்லாமல் வாசல்படி தாண்டாத மனுஷன். மனைவி லீலாபாய் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் சத்தியபாய் குழந்தை டாக்டர். வீட்டிலிருந்து இரண்டு மைலில், சாலையோர ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. இளையவள்தான் ஜின்சி. புருஷன் பட்டாளத்தில் இருப்பதால் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள்.

சத்தியபாய்க்கும் ஒரு மகன் இருந்தான். எபின். ஆறு வருஷத்துக்கு முன்னால், மூன்று மாதக் குழந்தையாக, ஞானஸ்நானம் கொடுத்த வாரத்திலேயே போய்விட்டான். மஞ்சள் வந்தது, ரத்தம் வெளுத்தது, ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. கர்த்தர் தமக்கென்று முத்திரை போட்டு எடுத்துக்கொண்டார் என்று போதகர் ஆறுதல் சொன்னார். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. லீலாபாய் தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த, ரேந்தை என்கிற கைப்பின்னல் லேஸ் வைத்துத் தைத்த வெள்ளை உடுப்பு ஒன்றும் அதற்கு இணையாக ஒரு போர்வையும் ட்ரங்குப் பெட்டியில் இருந்தன. எந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் அதைத்தான் போட வேண்டும். போட்டால் அடுத்த ஞாயிறு வரை கழற்றக் கூடாது. பிள்ளையைக் குளிப்பாட்டுவதில்லை, உருக்கு வெளிச்செண்ணெய், அதாவது வீட்டில் காய்ச்சிய தேங்காயெண்ணெய், தடவித் துடைப்பதோடு சரி. ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்த உடுப்பு ஏழு நாளும் பிள்ளையைக் காக்கும் என்பது லீலாபாயின் நம்பிக்கை. சபையில் இப்படி எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் செத்துப்போன அம்மாவின் நம்பிக்கையை மீற எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

எபினுக்குப் பிறகு அந்த உடுப்பை எடுக்கவே ஜின்சி தயங்கினாள். சத்தியபாய்தான் வற்புறுத்தினாள். எபினோடு அது நின்றுவிட வேண்டாம், உன் பிள்ளை போட்டு நான் பார்க்க வேண்டும் என்று அவளே தன் கையால் எடுத்துக் கொடுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்த உடுப்பில் விஜினைப் பார்த்து அவள் சிரித்தாள். ஆறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நாம் பார்த்ததில்லை.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

எடவப்பாதி என்று அங்கே சொல்லும் ஜூன் மாத மழை இரண்டு நாளாக விடவில்லை. சத்தியபாய் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளையைச் சேர்த்திருந்தார்கள். அதன் மதிலில் ஒட்டிய தேர்தல் சுவரொட்டிகள் ஊறிப்போய், ஜெயித்தவர் முகமும் தோற்றவர் முகமும் ஒன்றாகத் தொங்கின. குழந்தைகள் வார்டின் கடைசிக் கட்டிலில் ஜின்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அந்த ரேந்தை உடுப்போடும் போர்வையோடும் கிடந்தான். மழைக்குளிருக்கு நல்லதுதானே என்று நர்சும் விட்டுவிட்டாள்.

சத்தியபாய் வந்ததும் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. டாக்டராக அதைப் பார்த்த பிறகும் அவள் பிள்ளையைக் கீழே விடவில்லை. உடுப்பிலிருந்து பெட்டி வாசனை வந்தது. அது எபினின் வாசனை. முகத்தை அதில் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் ஜெயச்சந்திரன் ரவுண்டு வந்தார். கெட்டிக்காரர், அது தனக்கே தெரிந்த கெட்டிக்காரர். பச்சைக்குழந்தைகள் அறையின் பொறுப்பை நிர்வாகம் போன மாதம் சத்தியபாயிடம் கொடுத்ததிலிருந்து அவர் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. நர்சைப் பார்த்துப் பேசுவார், அவள் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான். மஞ்சள், வெளுப்பு, சிவந்த மூத்திரம். மூத்திரப் பாதையில் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்திருக்கிறது என்றார். பன்னிரண்டு மணியிலிருந்து சல்ஃபா சிரப் கொடுக்கச் சொல்லி எழுதினார்.

காய்ச்சல் இல்லையே சார் என்றாள் சத்தியபாய்.

அவர் நர்சையே பார்த்துக்கொண்டு, சொந்தக்காரப் பிள்ளையின் கேஸ்ஷீட்டில் சொந்தக்கார டாக்டர் கை வைக்கக் கூடாது என்பது இந்த ஆஸ்பத்திரிச் சட்டம், சிஸ்டர் மறக்க வேண்டாம் என்றார். சட்டம் நியாயமானதுதான். சொன்ன விதத்தில்தான் முள் இருந்தது.

பதினொன்றரைக்கு லேபிலிருந்து ஆள் வந்து, விலாசினி கூப்பிடுவதாகச் சொன்னான்.

விலாசினிக்கு அந்த லேபில் பதினாலு வருஷம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். ஸ்லைடில் என்ன தெரிந்தாலும் எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் எழுத மாட்டாள். அவள் இன்றைக்குத் தானாகக் கூப்பிட்டது சத்தியபாய்க்கு ஆச்சரியமாக இருந்தது.

மைக்ராஸ்கோப்பை நோக்கி நாற்காலியை நகர்த்திப் போட்டாள் விலாசினி. மூத்திரத்தில் ரத்தத்தின் நிறம் உண்டு, ஆனால் ஒரு ரத்த அணுகூட இல்லை, சீழ் அணுவும் இல்லை என்றாள். அப்படியானால் கிருமி இல்லை. ரத்தம் உடம்புக்குள்ளேயே உடைந்து கரைந்து வெளியே வருகிறது. அடுத்து ரத்தத்தின் ஸ்லைடை வைத்தாள். சத்தியபாய் குனிந்து பார்த்தாள். வட்டமாக இருக்க வேண்டிய அணுக்கள் பலவற்றில் ஓரம் இல்லை, எலி கடித்த அப்பளம் போல இருந்தன.

"டாக்டரே, இது ஞான் முன்னே ஒரு தவண கண்டிட்டுண்டு" என்றாள் விலாசினி, முன்பே ஒரு தடவை பார்த்திருப்பதாக. "ஆறு வருஷம் முன்னே."

சத்தியபாய் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலை தூக்கவில்லை. யாருடைய ரத்தம் என்று கேட்கவும் இல்லை.

விலாசினியே சொன்னாள். அன்றைக்கு எபினின் ரிப்போர்ட்டில், அணுக்கள் கடிபட்டது போல இருக்கின்றன, பார்க்க வேண்டும் என்று பென்சிலால் எழுதினாளாம். ஜெயச்சந்திரன் டாக்டர் அதை அடித்துவிட்டு, எண்ணுகிறவர்கள் எண்ணினால் போதும், வைத்தியம் பார்க்க வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். அன்றோடு எழுதுவதை விட்டாள். எழுதாமல் விட்டதற்காக ஆறு வருஷமாகத் தூங்கவில்லை என்று சொல்லமாட்டேன், தூங்கினேன், ஆனால் உங்களை எதிரே பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன் என்றாள்.

சத்தியபாய்க்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு அப்போது நேரமில்லை. மருத்துவக் கல்லூரியில் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. சிலருக்குப் பிறவியிலேயே ரத்த அணுக்களில் ஒரு காவல் சத்து குறைவு. தாய் வழியாக வருவது. தாய்க்கு ஒன்றும் செய்யாது, பெண் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆண் பிள்ளையைத்தான் பிடிக்கும். அவனும் நன்றாகவே வளர்வான், ஆகாத பொருள் ஏதும் அண்டாதவரை. அண்டினால் ரத்தம் உடையும்.

ஆகாத பொருள் என்ன? பிள்ளை தாய்ப்பால் தவிர வேறெதுவும் குடிக்கவில்லை. ஜின்சி ஒரு மாத்திரையும் விழுங்கவில்லை. நாட்டு மருந்து கிடையாது. செல்லையன் வீட்டில் அதற்கு இடமே இல்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பட்டியலை அவள் ஒவ்வொன்றாக நினைவில் தேடினாள். சல்ஃபா மருந்துகள். மலேரியா மாத்திரை. அதற்கப்புறம் என்ன?

யோசிப்பதற்காக முகத்தை இரண்டு கையிலும் பொத்தினாள். காலையில் பிள்ளையைத் தூக்கிய கை. அதில் பெட்டி வாசனை இன்னும் இருந்தது.

பாச்சை உருண்டை.

பட்டியலின் கடைசியில் அதுதான் இருந்தது. நாப்தலின்.

இத்தனை வருஷம் டாக்டராக இருந்தவளுக்கு இது தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபையில் போய் உட்கார்ந்து பாருங்கள். பாட்டு தொடங்கும் முன்னே அந்த வாசனை வந்து உட்கார்ந்திருக்கும். எல்லாருடைய நல்ல துணியும் பெட்டியிலிருந்துதான் வருகிறது. அவர்களுக்கு அது சுத்தத்தின் வாசனை, ஆராதனையின் வாசனை. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? அதுவும் எண்ணெய் பூசிய இளம் தோலில், மேலே உடுப்பும் போர்வையுமாக, ஐந்து நாள் இரவும் பகலும்.

அவள் ஓடினாள். வார்டுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். நர்ஸ் சிரப்பை ஸ்பூனில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சத்தியபாய் ஸ்பூனைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு கட்டிலுக்கு வந்து உடுப்பின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.

ஜின்சி அவள் கையைப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கிழமதான் கழத்தணும். அம்மைக்க வழக்கம் உனக்குத் தெரியாதா?"

"விடு ஜின்சி. பொறவு சொல்லுதேன்."

"நீதான தந்த? இப்பம் நீதான் பறிக்கிய." ஜின்சியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "உனக்க பிள்ளைக்க உடுப்பு எனக்க பிள்ள மேல கெடக்கியது உனக்குப் பொறுக்கல்ல, இல்லியா அக்கா?"

வார்டில் எட்டுக் கட்டில். மற்ற ஏழு தாய்மாரும் கேட்டார்கள். சத்தியபாய் உடுப்பைக் கழற்றி, போர்வையை உருவி, இரண்டையும் ஒரு பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டினாள். சோப்புத் தண்ணீரால் பிள்ளையைத் தலைமுதல் கால்வரை துடைத்து, ஆஸ்பத்திரித் துணியில் பொதிந்தாள். கை வேலை செய்தது. கண்ணிலிருந்து அதுபாட்டுக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அழுததே இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதிக் கோபித்துக்கொண்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பத்து நிமிஷத்தில் ஜெயச்சந்திரன் வந்தார். தன் மருந்தை ஒருத்தி தொட்டியில் கொட்டினாள் என்பதை வராந்தாவிலேயே கேட்டிருந்தார். இந்தத் தடவை நர்சைப் பார்க்காமல் அவளையே பார்த்துப் பேசினார். எழுத்து மூலமாக நிர்வாகத்துக்குப் புகார் போகும் என்றார். சத்தியபாய், புகார் போகட்டும் சார், அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை லேபுக்கு வாருங்கள் என்றாள்.

அவர் போனார். அது அவருக்குப் பெருமைதான். போகாமல் இருக்கவும் அவரால் முடிந்திருக்கும்.

ஸ்லைடை நெடுநேரம் பார்த்தார். விலாசினி சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு கேஸ்ஷீட்டை வரவழைத்து, தான் எழுதிய சல்ஃபாவைச் சிவப்பு மையால் அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சத்துக் குறைவைச் சோதிக்க ஒரு குப்பி ரத்தத்தைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பச் சொன்னார். முடிவு வர இரண்டு நாள் ஆகும். அதுவரை பிள்ளையைப் பிடித்து வைக்க உடனே ரத்தம் ஏற்ற வேண்டும்.

என் ரத்த வகைதான், என்னிடம் எடுங்கள் என்று சத்தியபாய் கையை நீட்டினாள். நீட்டிய கையை உடனே தானே மடக்கிக்கொண்டாள். எங்கள் வீட்டு ரத்தம் வேண்டாம் சார் என்றாள். கடைசியில் ஆம்புலன்ஸ் டிரைவர் சோமன் கொடுத்தான்.

லேபை விட்டு வெளியே போகும்போது ஜெயச்சந்திரன் வாசலில் நின்றார். திரும்பவில்லை.

"அன்னு ஆ ஸ்லைட் ஞான் நோக்கியில்ல" என்றார்.

அன்றைக்கு எபினின் ஸ்லைடை அவர் பார்க்கவே இல்லை. பென்சில் எழுத்தைப் பார்த்தார், யார் எழுதியது என்று பார்த்தார், அடித்தார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சத்தியபாய் என்ன செய்திருப்பாள் என்று எனக்கும் தெரியாது.

மூன்று மணிக்கு ரத்தம் ஏறத் தொடங்கியது. ஐந்து மணிக்குப் பிள்ளை ஒரு தடவை வாய் திறந்து அழுதான். மெலிந்த அழுகைதான், ஆனாலும் அழுகை. இன்று ராத்திரி தாண்டிவிட்டால் பிழைப்பான். தாண்டுவானா என்பதை யாரும் சொல்ல முடியாது.

அந்த ஐந்து மணிக்குத்தான் செல்லையன் குடையை மடக்கிக்கொண்டு வராந்தாவில் ஏறினார். ஒரு கையில் தூக்குச்சட்டி, ஜின்சிக்குக் கஞ்சி. மறுகக்கத்தில் ஒரு கம்பளி, பெட்டியிலிருந்து எடுத்தது. மழையில் பிள்ளைக்குக் குளிரும் என்று அவராக யோசித்துக் கொண்டுவந்தார். உடம்பில் தேய்த்த வெள்ளைச் சட்டை. பத்தடி தூரத்திலேயே சத்தியபாய்க்கு அந்த வாசனை வந்தது. வார்டு கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

உள்ளே ஆஸ்பத்திரித் துணி மட்டும்தான் அனுமதி, சட்டம் அப்படி என்றாள். செல்லையனுக்கு ஆஸ்பத்திரிச் சட்டம் தெரியாதா? முப்பத்தொரு வருஷம் அதற்குள்ளேயே இருந்தவர். அவர் மகளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு பெஞ்சின் மேல் இருந்த பாலிதீன் பையைப் பார்த்தார். உள்ளே ரேந்தை தெரிந்தது. மேலே மகளின் கையெழுத்தில் ஒரு சீட்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"நாப்தலின்" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு கம்பவுண்டருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். சட்டியைக் கீழே வைக்க மறந்து மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"நான்தான் மக்கா போட்டேன். பெரிய மழைன்னு இந்த வருஷம் ரெட்டியா போட்டேன்."

சத்தியபாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கேட்கப்போவது என்ன என்று அவளுக்குத் தெரியும். கேட்பதற்கு முன்பே பதிலையும் முடிவு செய்துவிட்டாள். இந்த மனிதர் கையால் எடுத்து வைத்த உருண்டை இவருடைய பேரனைக் கொன்றது என்று சொல்ல அவளால் முடியாது. அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு சாகலாம்.

"எபினுக்கு இதில்லப்பா" என்றாள், அவர் கேட்காமலே. "அது வேற சீக்கு. டாக்டரும் அதத்தான் சொன்னாரு."

செல்லையன் மெதுவாகத் தலையாட்டினார். நம்பினாரா, மகளுக்காக நம்பியது போல ஆட்டினாரா, தெரியவில்லை.

"அப்பம் ஜெபமணிக்கு?" என்றார்.

"ஜெபமணி யாருப்பா?"

"உனக்கு மூத்தது. ஆணாக்கும்." அவர் மகளைப் பார்க்கவில்லை. "ரெண்டு மாசம் இருந்தான். உங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னு அம்மை சத்தியம் வாங்கினா. ஞானஸ்நானம் கழிஞ்சு நாலாம் நாளு துணி எல்லாம் கட்டன்காப்பி கணக்கா இருக்குன்னு எனக்க கையில கொண்டு காட்டினா. நான் கம்பவுண்டர் இல்லியா? ஒண்ணும் இல்ல, உடுப்பக் கழத்தாத, அது காக்கும்னு சொன்னேன்."

முப்பத்தாறு வயதில் சத்தியபாய்க்கு ஒரு அண்ணன் கிடைத்து, அதே மூச்சில் போயும் விட்டான். அம்மா ஏன் அந்த உடுப்பை அத்தனை பயத்தோடு பிடித்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது புரிந்தது. முதல் பிள்ளையை அது காக்கவில்லை என்று ஒத்துக்கொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை. அதனால் அடுத்த பிள்ளைகளுக்கு இன்னும் இறுக்கிக் கட்டினாள். பெண்கள் இரண்டும் பிழைத்தன. உடுப்புதான் காத்தது என்று நம்பிக்கொண்டே செத்தும் போனாள்.

உள்ளேயிருந்து ஜின்சி, அப்பாவா வந்திருப்பது என்று கேட்டாள்.

சத்தியபாய் எழுந்தாள். செல்லையன் அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

"அவகிட்ட நான் சொல்லுதேன். அவ உன்ன என்ன சொன்னான்னு சோமன் எனக்குச் சொன்னான்."

கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு கதவுவரை போனார். அங்கே நின்றார். சட்டைக் கையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு திரும்பி வந்து, சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கப் பித்தானை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வேட்டியோடும் பனியனோடும் நின்றார். கழற்றிய சட்டையைப் பெஞ்சில் கிடந்த கம்பளியின் மேல் மடித்து வைத்தார். மேலே சட்டை இல்லாமல் அப்பாவை வெளியிடத்தில் சத்தியபாய் பார்ப்பது அதுவே முதல் தடவை. முதுகெலும்பு பனியனுக்கு வெளியே தெரிந்தது.

அவர் உள்ளே போனார். கதவு தானாக மூடிக்கொண்டது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஜின்சியின் குரல் கேட்டது.

"சட்ட எங்கப்பா?"